தண்டையார்பேட்டையில் ஜிம் போட வேண்டுமா? ரியாத்தில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்

2014-லிருந்து 2020 வரை ரியாத்தில் ஒரு ஜிம்மில் டிரெய்னராக இருந்தேன். ஊருக்குத் திரும்பி வட சென்னை தண்டையார்பேட்டையில் சொந்தமாக ஒன்று போட்டு நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாரத்துக்கு ஒரு தம்பியாவது வந்து "அண்ணே, நானும் ஒரு ஜிம் போடலாம்னு இருக்கேன், மெஷின் எங்க வாங்கினீங்க?" என்று கேட்கிறான். எல்லோருக்கும் முதல் கேள்வி மெஷினாகவே இருப்பது எனக்கு வருத்தம்தான். மெஷின் பற்றியும் சொல்கிறேன், ஆனால் அது கடைசியில் வர வேண்டிய விஷயம். இப்போது எந்த ஜிம்முக்கும் போகாமல் இருக்கிற ஆள் உங்கள் ஏரியாவில் யார், அவர் ஏன் போகவில்லை என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். இதை நான் சவுதியில் இரண்டு பேருடைய தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இரண்டு பேரையும் நேரில் பார்த்ததில்லை, ஆனால் அந்த ஊரில் இருந்தவர்கள் யாரும் அவர்கள் போர்டைப் பார்க்காமல் ஒரு நாளைக் கடத்தியிருக்க முடியாது.

ஒருவர் அப்துல்முஹ்சின் அல்-ஹக்பானி. ஃபிட்னஸ் டைம் என்ற ஜிம் தொடரை ஆரம்பித்தவர், அரபியில் அதன் பெயர் வக்த் அல்-லியாகா. 2007-ல் தொடங்கியது. தெருமுனைக் கடைக்குக்கூட காரில் போகிற ஊர் அது, வெயில் 45 டிகிரி. அங்கே அவர் எல்லோருக்கும் ஒரே ஜிம் என்று போடவில்லை. நீச்சல் குளம், நீராவி அறை எல்லாம் வைத்து வசதியானவர்களுக்கு ஒன்று, நடுத்தரச் சம்பளக்காரர்களுக்கு ஒன்று, குறைந்த கட்டணத்தில் சம்பளம் கம்மியான பையன்களுக்கு ஒன்று என்று தனித்தனிப் பெயரில் தனித்தனி விலையில் போட்டார். 2017-ல் பெண்கள் ஜிம்முக்கு லைசென்ஸ் கொடுக்கப்போவதாக அங்கே விளையாட்டுத் துறைப் பொறுப்பில் இருந்த இளவரசி ரீமா பின்த் பந்தர் அறிவித்தார். அந்த வருஷமே ஃபிட்னஸ் டைம் பெண்களுக்கான கிளையைத் திறந்துவிட்டது. பெண்களில் பெரும்பாலோர் அதுவரை ஜிம் பக்கமே வர முடியாமல் இருந்தார்கள், கதவு திறந்ததும் வாசலில் தயாராக நின்ற கம்பெனி இது. 2018-ல் லீஜாம் ஸ்போர்ட்ஸ் என்ற பெயரில் சவுதி பங்குச் சந்தையான ததாவுலுக்கும் போய்விட்டது. அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை, வாரத்தில் ஒரு நாளாவது உடற்பயிற்சி செய்கிறவர்கள் 13 சதவீதம்தான், அதை 40 ஆக்க வேண்டும் என்று 2016-ல் விஷன் 2030 திட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

இன்னொருவர் டாக்டர் சுலைமான் அல்-ஹபீப், குழந்தை மருத்துவர். 1995-ல் ரியாத்தின் ஒலாயா பகுதியில் ஆரம்பித்தார், இன்று பெரிய ஆஸ்பத்திரிக் குழுமம். டாக்டரைப் பார்ப்பது, டெஸ்ட் எடுப்பது, மருந்து வாங்குவது, வீட்டுக்கு நர்ஸ் வருவது எல்லாம் ஒரே கூரையின் கீழ். அதுவும் 2020 மார்ச்சில் பங்குச் சந்தைக்கு வந்தது.

இவர்கள் பணம் நம்மிடம் இல்லை. ஆனால் அந்த யோசனைக்குப் பணம் தேவையில்லை. ஒருவர் ஜிம்முக்கு வர முடியாதவர்களைத் தேடிப் போனார், இன்னொருவர் நோயாளியை நாலு இடத்துக்கு அலையவிடாமல் செய்தார். இந்த இரண்டையும் சேர்த்து 900 சதுர அடியில் செய்ய முடியும், நான் செய்துகொண்டிருக்கிறேன்.

டீக்கடையில் ஒரு வாரம்

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் அந்தத் தெரு டீக்கடையில் மூன்று வேளை உட்காருங்கள். விடியற்காலை நாலரை, காலை பத்தரை, இரவு ஏழரை. யார் போகிறார்கள், எப்படி நடக்கிறார்கள் என்று பாருங்கள். காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிற பெண்கள் விடியலுக்கு முன்பே கூடையோடு ஆட்டோவில் ஏறுகிறார்கள், பத்தரைக்கு மேல்தான் வீட்டுக்கு வருவார்கள். ஹார்பர் ஷிப்ட், கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள், லோடு அடிக்கிறவர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நேரம். நம் ஏரியாவில் காலேஜ் பசங்களுக்கு ஜிம் பஞ்சமே இல்லை. கர்லாக்கட்டை சுற்றின தாத்தா காலத்திலிருந்து, பாக்சிங் பரம்பரை காலத்திலிருந்து, தண்டால் பஸ்கி போட்டு உடம்பை வளர்த்த ஊர் இது. மாநகராட்சி உடற்பயிற்சிக் கூடமும் இருக்கிறது. அந்தப் பையன்களை நம்பி இன்னொரு ஜிம் போட்டால் ஏற்கெனவே இருக்கிற பத்து ஜிம்மோடு ஐம்பது ரூபாய் குறைத்து அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

வராமல் இருக்கிறவர்கள் யார் என்றால் நாற்பதைத் தாண்டிய சர்க்கரைக்காரர்கள், பி.பி. மாத்திரை போடுகிறவர்கள், முட்டி வலி அக்காக்கள், இடுப்புப் பிடித்த லோடுமேன்கள். 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. நம் பக்கத்துக்கு இது புதுச் செய்தி இல்லை. பேராசிரியர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்றே தனி மருத்துவமனையை 1954-ல் தொடங்கினார், அது இருப்பது நம் ராயபுரத்தில். டாக்டர்கள் எழுபது வருஷமாக "நடங்க, உடற்பயிற்சி பண்ணுங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். எங்கே போய்ச் செய்வது? நடைபாதையில் பைக் நிற்கிறது. ஜிம் வாசலில் போனால் பாட்டுச் சத்தமும் கண்ணாடி முன் நிற்கிற பையன்களும் பார்த்து அப்படியே திரும்பி வந்துவிடுகிறார்கள். அவர்களுக்குத்தான் நீங்கள் கடை போட வேண்டும்.

இடம்

வட சென்னையில் இடம் பார்க்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன் தண்ணீரைக் கேளுங்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர் பக்கம் தரைத்தளம் என்றால் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிகிறதா என்று பாருங்கள், புதுப் பெயின்ட் அடித்திருந்தால் பக்கத்து வீட்டு ஆயாவிடம் 2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எவ்வளவு நின்றது என்று கேளுங்கள், அவர் கையை வைத்தே உயரம் காட்டுவார். டிரெட்மில் மோட்டார் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது, முழங்கால் தண்ணீர் வந்தால் அத்தனையும் போச்சு. சரி, முதல் மாடி எடுக்கலாம் என்றால் கீழே குடியிருப்பு இருக்கக் கூடாது, விடியற்காலை டம்பெல் கீழே விழுந்தால் சண்டைதான். கீழே கடையோ குடோனோ இருக்கிற முதல் மாடிதான் உத்தமம், கட்டடம் பாரம் தாங்குமா என்று ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டிவிடுங்கள். படி அகலமாக, கைப்பிடியோடு இருக்க வேண்டும். முட்டி வலிக்காரர் ஏற முடியாத படி என்றால் நம் திட்டமே அடிபட்டுவிடும்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து, ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிஷ நடையில் இருக்கிற இடங்களுக்கு வாடகை ஏறிவிட்டது. நமக்கு அது வேண்டாம். நம் ஆட்கள் நடந்து வருகிறவர்கள், உள்தெருவே போதும்.

பணக் கணக்கு

என் கணக்கையே சொல்கிறேன். வாடகை 28,000, கரன்ட் சுமார் 9,000, இரண்டு டிரெய்னருக்கு 30,000, துப்புரவு செய்கிற அக்காவுக்கு 6,000, ரிப்பேருக்கென்று எடுத்து வைப்பது 4,000. மொத்தம் மாதம் 77,000. கட்டணம் 700 என்று வைத்தால் 110 பேர் கட்டினால்தான் வரவும் செலவும் சமம், என் சம்பளம் அதற்கு மேலேதான். பெயர் கொடுத்தவர் எண்ணிக்கையை வைத்துப் போடாதீர்கள், அந்த மாதம் நிஜமாகப் பணம் கட்டியவர் எண்ணிக்கையை வைத்துப் போடுங்கள்.

இதில் நான் பட்டதைச் சொல்லியே ஆக வேண்டும். திறந்த முதல் மாதம் வருஷ சந்தா சலுகை போட்டேன், நாற்பது பேர் மொத்தமாகக் கட்டினார்கள், கையில் இரண்டரை லட்சத்துக்கு மேல் பணம். அதை எடுத்து இன்னும் இரண்டு மெஷின் வாங்கிவிட்டேன். ஆறாவது மாதம் அந்த நாற்பது பேரும் வந்துகொண்டிருக்கிறார்கள், கரன்ட் எரிகிறது, டிரெய்னர் சம்பளம் கேட்கிறார், ஆனால் அவர்களிடமிருந்து வர வேண்டிய பணம் முன்பே வந்து செலவாகிவிட்டது. மனைவியின் வளையலை அடகு வைத்துத்தான் சமாளித்தேன். பிறகுதான் லீஜாம் கம்பெனியின் கணக்கறிக்கையைத் தேடிப் படித்தேன். முன்பணமாக வந்த சந்தாவை அவர்கள் வருமானம் என்று எழுதுவதே இல்லை, கடன் பக்கத்தில் வைத்துவிட்டு ஒவ்வொரு மாதமும் அந்த மாதத்துப் பங்கை மட்டும் வருமானத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அதே மாதிரி நீங்களும் வருஷ சந்தா வந்தால் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, மாதம் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் எடுங்கள். இன்னொன்று, மூன்று மாத வாடகை எப்போதும் கையில் இருக்கட்டும். 2020-ல் கொரோனா வந்து எங்கள் ஜிம்மை மூடியபோது அத்தனை பெரிய கம்பெனிகளே ஆடிப்போனதைக் கூட இருந்து பார்த்தவன் நான்.

கடன் என்றால் முதலில் வங்கி, கந்துவட்டிப் பக்கம் போகவே வேண்டாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு போடலாம், நகரத்தில் பொதுப் பிரிவுக்கு 15 சதவீதம், பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் ஆகியோருக்கு 25 சதவீதம் மானியம். பட்டியலினத்தவர், பழங்குடியினர் என்றால் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் கிடைக்கிறது, இதை நம் ஏரியாவில் நிறையப் பேர் கேள்விப்பட்டதே இல்லை. கிண்டியில் தொழில் வணிகத் துறையின் மண்டல இணை இயக்குநர் அலுவலகத்துக்கு ஒரு நடை போய்க் கேளுங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனில் நீங்களே செய்யலாம், அதற்கு 2,000 கேட்கிற புரோக்கரை நம்பாதீர்கள். மாநகராட்சி தொழில் உரிமம் எடுங்கள், வீட்டு மின் இணைப்பில் ஓட்டாமல் வணிக இணைப்புக்கு மாற்றுங்கள். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். ஜிம் கட்டணத்துக்கு 18 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகிவிட்டது, ஆனால் மெஷின் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது.

வருகிறவரை முதல் நாள் என்ன கேட்பது

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். என் ஜிம்மில் முதல் நாள் யாரும் எடை தூக்குவதில்லை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, பி.பி. பார்க்கிற மெஷின், சர்க்கரை பார்க்கிற குளுக்கோமீட்டர், ஒரு தையல்காரர் டேப். இடுப்புச் சுற்றளவு நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் குறித்துக்கொள்கிறோம். இதயப் பிரச்சினை உண்டா, நடக்கும்போது நெஞ்சு வலிக்கிறதா, தலை சுற்றி விழுந்ததுண்டா, என்ன மாத்திரை என்று தமிழில் அச்சடித்த தாளில் கேட்டு எழுதுகிறோம், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு டிரெய்னரே வாசித்துக் காட்டுவார். பி.பி. 180-க்கு 110-ஐத் தாண்டினால் அன்று பயிற்சி கிடையாது, டாக்டரிடம் போய் வரச் சொல்வோம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ போடுகிறவருக்குச் சர்க்கரை அளவு 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட வைத்துவிட்டு, திரும்பப் பார்த்துவிட்டுத்தான். 250-க்கு மேல் இருந்தால் டாக்டர் சொல்லாமல் தொடங்குவதில்லை. நாங்கள் டாக்டர் இல்லை, மருந்தைக் கூட்டு குறை என்று ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று டிரெய்னர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

அல்-ஹபீப் எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் வைத்தார். நமக்கு அந்த வசதி இல்லை, ஆனால் தெருவில் எல்லாம் இருக்கிறது. ஒரு பொது மருத்துவர், ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு லேப். மூன்று பேரையும் நேரில் போய்ப் பார்த்துப் பேசி, யாரை எப்போது அவர்களிடம் அனுப்புவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கமிஷன் வாங்காதீர்கள். லேப்காரர் தானாகவே தருவார், வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்தத் தொகையை நம் ஆளுக்கே குறைக்கச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்புவது காசுக்காக இல்லை என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அந்தக் குடும்பமே வரும். பிசியோதெரபிஸ்ட் உங்கள் இடத்திலேயே வாரம் இரண்டு நாள் உட்காருவதாக இருந்தால், மருத்துவ நிறுவனங்களுக்கான தமிழ்நாட்டின் 1997 சட்டப்படி பதிவு தேவையா என்று மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் துறையில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். படுத்த படுக்கையாக இருக்கிறவரை உங்களிடம் கூட்டி வந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள் என்று சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வழிகாட்டுங்கள், அவரிடம் பணம் வாங்காதீர்கள்.

ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். மீன் விற்கிறவர், ஐம்பத்திரண்டு வயது, முட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் படி ஏறி வந்தார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போட்டோம். கையை ஊன்றாமல் எழுந்து நிற்கச் சொன்னேன், முடியவில்லை, இரண்டு முறை பாதியில் உட்கார்ந்துவிட்டார். சரி என்று நாற்காலி மேல் இரண்டு தலையணை போட்டு உயரம் ஏற்றினோம், இப்போது முடிந்தது. பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்படி குனிந்து, "ஹூம்" என்று மூச்சை விட்டபடி எழுந்தார். ஐந்து முறை, உட்கார்ந்து ஓய்வு, திரும்ப ஐந்து. அவ்வளவுதான் முதல் நாள். மூன்றாவது வாரம் ஒரு தலையணை, ஏழாவது வாரம் வெறும் நாற்காலி, அப்புறம் கையில் ஐந்து கிலோ. கூடவே தினம் அரை மணி நேரம் நடை, மாத்திரை டாக்டர் சொன்னபடி. ஆறு மாதத்தில், மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற சர்க்கரை டெஸ்ட் (எச்.பி.ஏ.1.சி.) 9.1-லிருந்து 7.8-க்கு வந்தது. அன்றைக்கு அவர் படியில் நேராக ஏறி வந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்காக நான் வாங்கிய மெஷின் ஒன்றுகூட இல்லை.

பெண்களுக்கான நேரம்

காலை பத்தரை முதல் ஒன்றரை வரை பெண்கள் மட்டும் என்று வைத்தேன், டிரெய்னரும் பெண்தான், அந்த நேரத்தில் நானே உள்ளே போக மாட்டேன். கண்ணாடிக் கதவுக்குத் திரை, உள்ளே பூட்டுகிற டாய்லெட், புடவையிலிருந்து மாற்ற ஒரு தடுப்பு, குழந்தையை உட்கார வைக்க ஒரு பாய். சுடிதாரில் வந்தாலும் புர்காவில் வந்தாலும் யாரும் எதுவும் சொல்லக் கூடாது, ஷூ மட்டும் கட்டாயம். மற்ற ஜிம்மில் அந்த மூன்று மணி நேரமும் பூட்டித்தான் கிடக்கிறது. என் வருமானத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு அங்கிருந்துதான் வருகிறது.

ரமலான் மாதத்தில் ரியாத் ஜிம்கள் தராவீஹ் தொழுகை முடிந்து நள்ளிரவைத் தாண்டி நிரம்பி வழியும். ராயபுரம், மண்ணடியிலிருந்து வருகிற பாய்மார்களுக்காக நானும் அந்த ஒரு மாதம் இரவு பன்னிரண்டு வரை திறந்து வைக்கிறேன்.

இப்போது மெஷின்

நூறு பேர் சேருகிற வரை டிரெட்மில் ஒன்று போதும். இரண்டு பெஞ்ச், ஸ்குவாட் ரேக், இரண்டரையிலிருந்து இருபது கிலோ வரை ரப்பர் டம்பெல், பார், பிளேட், கேபிள் மெஷின் ஒன்று, ரெசிஸ்டன்ஸ் பேண்ட், உறுதியான நாற்காலி பத்து. பிளேட்டைக் கிலோ கணக்கில் விற்பார்கள், கடையிலேயே தராசில் போட்டுப் பார்த்து வாங்குங்கள், எனக்கு இருபது என்று எழுதிய பிளேட் பதினெட்டரைதான் நின்றது. கடல் காற்றை மறந்துவிடாதீர்கள். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வெறும் இரும்பு ஆறே மாதத்தில் துரு ஏறிவிடும், கேபிள் உள்ளுக்குள் அரித்து ஒருநாள் பட்டென்று அறுந்துவிடும். பவுடர் கோட்டிங் உள்ளதை வாங்கி, தினம் ராத்திரி காய்ந்த துணியால் வியர்வையைத் துடைத்து, வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணி போடுங்கள். டிரெட்மில்லுக்கு எர்த் சரியாக உள்ள தனி 16 ஆம்பியர் லைன் வேண்டும்.

டிரெய்னரை உடம்பைப் பார்த்து எடுக்காதீர்கள், ஒரு வயசாளிக்கு எழுந்து உட்காரச் சொல்லிக்கொடுக்கச் சொல்லி எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். நெஞ்சு அமுக்கும் முதலுதவி எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம், அதற்குள் இன்னொருவர் 108-க்குப் போன் போட வேண்டும், மாதம் ஒருமுறை தலையணையை வைத்துப் பழகுகிறோம். ஊசி விஷயத்தில் மட்டும் இரக்கமே காட்டாதீர்கள். ஸ்டீராய்டு ஊசி விற்கிற ஆள் உங்கள் வாசலுக்கும் வருவான், மாதம் இவ்வளவு தருகிறேன் என்பான். உடம்பு தானாகச் சுரக்கிற ஹார்மோன் நின்றுபோய், இதயமும் கல்லீரலும் கெட்டு, இருபத்தைந்து வயதில் ஆஸ்பத்திரியில் கிடக்கிற தம்பிகளை நான் பார்த்திருக்கிறேன். என் டிரெய்னர் ஒருவர் அதைத் தொட்டார், அன்று மாலையே அனுப்பிவிட்டேன். புரோட்டீன் டப்பா விற்றும் சம்பாதிக்க வேண்டாம். நாலு முட்டையில் 24 கிராம் புரதம், நூறு கிராம் மத்தி மீனில் ஏறக்குறைய 20 கிராம், விடியற்காலை நம் காசிமேட்டிலேயே இறங்குகிறது.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த இரண்டு மாதம் விசைப்படகுக் குடும்பங்களில் கையில் காசு இருக்காது, கட்டணம் கேட்டு நச்சரித்தால் வெட்கப்பட்டு நின்றுவிடுவார்கள், அப்புறம் திரும்பி வர மாட்டார்கள். நான் அந்த 61 நாளும் அவர்களிடம் வாங்குவதில்லை, நோட்டில் எழுதிக்கொண்டு ஜூலையிலிருந்து மாதம் 200 சேர்த்து வாங்கிக்கொள்கிறேன், இதுவரை ஒருவரும் ஏமாற்றவில்லை. நீங்கள் திறக்கும் தேதியையும் இதைப் பார்த்தே வையுங்கள். ஜூன் கடைசி வாரம் நல்லது, போட் எல்லாம் கடலுக்குப் போய் முதல் மீன்பாடு வந்து ஏரியாவில் காசு புழங்குகிற நேரம், மழைக்காலத்துக்கு இன்னும் நாலு மாதம் இருக்கும், கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்து அடைப்பதற்குள் நூற்றுப் பத்துப் பேரும் சேர்ந்திருப்பார்கள்.